கழற்றும் முன் ஒழுகாதது, மாட்டிய பின் ஏன் ஒழுகுகிறது?

வாகனப் பக்கம். வாசகர் கேள்விகளுக்குக் கோவையில் பட்டறை நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பாவின் 2004 மாடல் ஜென் காரில் ஆயிலோடு தண்ணீர் கலந்தது. நானும் நண்பனும் (இருவரும் பாலிடெக்னிக் மாணவர்கள்) வீட்டு ஷெட்டிலேயே ஹெட்டை (இன்ஜினின் மேல் பாகம்) இறக்கினோம். லேத்தில் ஃபேஸ் அடித்து (அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி) வர மூன்று மாதம் ஆகிவிட்டது. புது ஹெட் கேஸ்கெட் போட்டு எல்லாவற்றையும் மாட்டினோம். சாவியை ஆன் செய்ததும் பெட்ரோலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டர்களில் மூன்றாவதன் தலைமாட்டில் பெட்ரோல் கசிகிறது. அந்தப் பக்கத்துப் போல்டை இன்னும் இறுக்கினோம். கசிவு அதிகமானதுதான் மிச்சம். கழற்றும் முன் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் ஷெல்லாக் (கேஸ்கெட்டுக்குத் தடவும் பசை) தடவி மாட்டச் சொல்கிறார். இன்னொருவர் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகர், தாராபுரம்

பதில்: தம்பி, முதலில் சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். 'ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்ப்போமே' என்கிற ஆசை வரும். வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் சொட்டும், அவ்வளவுதான். அம்பாசிடர் டாங்க் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறை நாங்கள். உங்கள் வண்டி அந்த ரகம் இல்லை. நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்தான் ஃப்யூல் ரெயில். அந்த ரெயிலுக்குள் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்கிறது. டயரில் நீங்கள் அடிக்கிற காற்றைவிட அதிகம். அந்த அழுத்தத்தில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் பெட்ரோல் பொடித்தூறலாகப் பீய்ச்சும். அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, ஷெட் தரையோடு படிந்து மூலையில் தேங்கும். அங்கே ஒரு இன்வெர்ட்டரோ பழைய ஃபிரிட்ஜோ இருந்தால் அதன் ஒரு பொறி போதும்.

வண்டியைத் தள்ளி வெளியே திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி பல்பு போட்ட கை விளக்கு வேண்டாம். அது கீழே விழுந்து உடைந்தாலே தீ பிடிக்கும். எல்.இ.டி. டார்ச் போதும்.

இனி போல்ட் விஷயம். ஹெட்டை இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் ரெயில் போல்டையும் இறுக்கியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே கணக்கு வேறு. இன்ஜெக்டரின் மேல் கழுத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் உட்காருகிறது. கழுத்து ரெயிலின் கிண்ணத்துக்குள் நுழையும்போது அந்த ரிங் சுற்றிலும் பக்கவாட்டில் நசுங்கிக் கிண்ணத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலை நிறுத்துவது அந்தப் பக்கவாட்டு நசுங்கல். ரெயில் எகிறாமல் பிடித்துக்கொள்வதுதான் போல்டின் வேலை. நீங்கள் ஒரு பக்கத்துப் போல்டை மட்டும் இறுக்கினீர்கள். ரெயில் அந்தப் பக்கம் சாய்ந்தது. கிண்ணத்துக்குள் கழுத்து கோணலாக நின்றது. ஓ-ரிங் ஒரு பக்கம் அளவுக்கு மீறி நசுங்கி எதிர்ப்பக்கம் தளர்ந்தது. கசிவு அதிகமானது அதனால்தான். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் அலுமினியத்தில் மரை உருவிக்கொண்டு வரும். பிறகு அதற்கு ஒரு தனிக் கேள்வி எழுதுவீர்கள்.

கழற்றும் முன் ஒழுகவில்லையே என்கிறீர்கள். வருகிற கடிதங்களில் பாதி இந்த வரியோடுதான் வருகின்றன. இருபது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்த ஓ-ரிங், பழைய செருப்பு காலுக்குப் பழகுவது போல, அந்தக் கிண்ணத்தின் வடிவத்துக்குப் பழகியிருக்கும். உருண்டையாக இருந்த அதன் உடம்பு வெளிப்பக்கம் தட்டையாகியிருக்கும். ரப்பரை மென்மையாக வைக்கத் தயாரிக்கும்போது சேர்த்த எண்ணெயைப் பெட்ரோல் வருஷக்கணக்கில் கரைத்து எடுத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் பெட்ரோலே ஊறி நின்று ரிங்கைக் கொஞ்சம் உப்பலாகவே வைத்திருந்தது. வண்டி ஓடும்வரை குறை தெரியாது. கழற்றி மூன்று மாதம் ஷெட்டில் காயவிட்டீர்கள். ஊறிய பெட்ரோல் ஆவியானது. ரிங் சுருங்கி விறைத்துப் போனது. அதை வேறு கோணத்தில் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். தட்டையான பக்கம் இப்போது வேறு இடத்தைப் பார்க்கிறது. ஹெட் வேலைக்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை. ரிங்கை அசைத்ததுதான் காரணம். அசைத்த ஓ-ரிங்கை என் பட்டறையில் திரும்ப மாட்ட விடமாட்டேன், நேற்றுப் போட்டதாக இருந்தாலும் சரி.

ஆனால் மூன்றாவது இன்ஜெக்டரிலிருந்துதான் வருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் ரெயிலின் அடிவயிற்றோடு ஓடிப்போய்த் தாழ்வான இடத்தில் சொட்டும். பட்டறையில் நாங்கள் செய்வது இது. பனியன் வேஸ்ட்டால் ரெயிலை முழுக்கத் துடைத்து, காற்றடித்துக் காய வைத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் சாக்பீஸ் தேய்த்துவிடுவோம். பேட்டரி வயரை மாட்டி ஒருவர் சாவியை ஆன் மட்டும் செய்வார். ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்ப் இரண்டு மூன்று விநாடி உறுமி நிற்கும். உடனே ஆஃப். இன்னொருவர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையில் முதலில் எங்கே ஈரம் கருக்கிறது என்று தெரியும். இன்ஜெக்டர் கழுத்தில் கருத்தால் ஓ-ரிங். ரெயிலுக்குள் பெட்ரோல் வரும் ஹோஸ் முனையில் கருத்தால் கிளிப் அல்லது வாஷர். ரெயில் முனையில் ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) இருந்தால் அதற்கும் ஒரு ஓ-ரிங் உண்டு. அதன் வேக்குவம் குழாயை உருவிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜெக்டரின் கரன்ட் கனெக்டருக்குள்ளிருந்து பெட்ரோல் வந்தால் மட்டும் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஓ-ரிங்தான் என்று உறுதியானால் பிரிக்க வேண்டும். அதற்கு முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்ப் ரிலேயை உருவிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக அணையவிடு என்று புத்தகம் சொல்லும். ஒழுகாத வண்டிக்கு அது சரி. தலையில் பெட்ரோல் கசியும் வண்டியை ஓடவிட்டு அழுத்தம் இறக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு, பேட்டரி வயரையும் மறுபடி கழற்றிவிட்டு, டாங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடி, வண்டியை ஓர் இரவு வெளியிலேயே விடுங்கள். கசிவே அழுத்தத்தை இறக்கிவிடும். காலையில் ஹோஸ் இணைப்பைச் சுற்றித் துணியை வைத்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். மீதி இருப்பது துணியில் இறங்கும். அந்தத் துணியை வெயிலில் விரித்துப் போடுங்கள், ஷெட் மூலையில் சுருட்டிப் போடாதீர்கள்.

கழற்றும் முன் இன்ஜெக்டர்களின் அடியைச் சுற்றிப் பிரஷ்ஷும் காற்றும் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜெக்டரை உருவியதும் தெரிகிற ஓட்டை நேராக வால்வுக்குப் போகிறது. லேத்துக்குக் கொடுத்த காசு ஒரு மணல் பருக்கையில் போய்விடும். கனெக்டர்களுக்கு மார்க்கரில் நம்பர் போட்டுக் கழற்றுங்கள். ரெயிலை நேராக மேலே இழுங்கள். வராவிட்டால் இன்ஜெக்டரைக் கையால் இடம் வலமாகத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் கிண்ணத்தின் வாயில் வடு விழும்.

இப்போது மூன்றாவது கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீங்கள் மாட்டும்போது ரிங் மடிந்து அறுபட்டிருந்தால் பிறைநிலா வடிவத்தில் ஒரு ரப்பர்த் துணுக்கு உள்ளே ஒட்டிக் கிடக்கும். அதை எடுத்துவிடுங்கள், விட்டுவிட்டால் பெட்ரோலோடு போய் இன்ஜெக்டரின் வாய் வலையை அடைக்கும். சுவரில் துருவோ பிசினோ இருந்தால் பெட்ரோல் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். எமரி ஷீட் வேண்டவே வேண்டாம். அது போடுகிற ஒவ்வொரு கோடும் பெட்ரோலுக்குத் தனிப் பாதை. துரு குழி விழுந்திருந்தால் ரெயிலையே மாற்றுங்கள்.

ஓ-ரிங் வாங்குவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய ரிங்கைக் கடையில் நீட்டி 'இதே சைஸ்' என்று கேட்டால், கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கண்ணளவில் ஒன்றைத் தேடித் தருவார். சுருங்கிப்போன ரிங்குக்கு ஜோடி தேடினால் சுருங்கிய அளவுதான் கிடைக்கும். இன்ஜெக்டர்களின் மேல் கழுத்து 11 மி.மீ. ரகம், 14 மி.மீ. ரகம் என்று இரண்டு பரவலாக இருக்கின்றன. வெவ்வேறு கம்பெனி ரிங்குகள் ஒரே பையில் கலந்து கிடக்கும். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, பார்ட் நம்பர் போட்டு ஒரிஜினல் செட் வாங்குங்கள். மேலே நாலு, கீழே மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) பக்கம் உட்காரும் ரப்பர் நாலு, எட்டும் புதிதாக. மூன்றாவதை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் முதலாவது ஒழுகும்.

ரப்பரின் சாதியும் முக்கியம். பழைய காலத்தில் நைட்ரைல் ரப்பர் அதிகம். பெட்ரோலோடு எத்தனால் கலந்த பிறகு வைட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பர்தான் நம்பகமானது. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் வருகிறது. உங்கள் வண்டி செய்த காலத்தில் இதை யாரும் மனதில் வைத்து ரப்பர் போடவில்லை. ரெயிலுக்கு வரும் ஹோஸையும் இதே சாக்கில் மாற்றிவிடுங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்; பழுப்பு, பச்சை, கருப்பு எல்லா நிறத்திலும் வைட்டான் உண்டு, எல்லா நிறத்திலும் போலியும் உண்டு. பிரேக் கிட்டிலிருந்து எடுத்த ரிங் அளவு சரியாக இருக்கிறதே என்று போடாதீர்கள். பிரேக் ஆயிலுக்கென்று செய்கிற ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பாலிடெக்னிக்கில் படிப்பதாகச் சொல்கிறீர்கள். மூடி போட்ட கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி இரண்டு சாதி ரிங்கையும் ஓர் இரவு போட்டு, மறுநாள் வெர்னியரில் அளந்து பாருங்கள். வகுப்பில் சொன்னதைவிட நன்றாக மனதில் நிற்கும்.

மாட்டுவதற்குக் கைவிரல்தான் சரியான கருவி. ரிங்கைப் பள்ளத்தில் உட்கார வைத்து, முறுக்கு இல்லாமல் விரலால் ஒரு சுற்று உருட்டுங்கள். சுத்தமான பெட்ரோலில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ரிங்கைத் தள்ளினால் கிண்ணத்தின் வாய் விளிம்பு அதைச் சீவிவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம். நேராகப் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே ரெயிலுக்குள் தள்ளுங்கள். உள்ளே போனதும் இன்ஜெக்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு, வழுவழுவென்று சுற்ற வேண்டும். எங்காவது பிடித்துத் தடுக்கினாலோ திடீரென்று லேசானாலோ ரிங் மடிந்திருக்கிறது என்று அர்த்தம். உருவிவிட்டுப் புது ரிங் போடுங்கள். மடிந்த ரிங்கை நிமிர்த்தி மறுபடி போடுவது வேண்டாம். இந்தச் சோதனையை நிறையப் பேர் செய்வதே இல்லை. காசு செலவில்லாத, கருவி தேவையில்லாத சோதனை இது. இதில் தேறிய இன்ஜெக்டர் பிறகு ஒழுகி நான் பார்த்ததில்லை.

நாலையும் ரெயிலில் ஏற்றிய பிறகு மொத்தமாக மேனிஃபோல்டில் இறக்குங்கள். சில வண்டிகளில் ரெயில் போல்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஸ்பேசர் இருக்கும்; அது பாகங்களைக் கழுவிய சோப்பு நீர் டப்பாவின் அடியில் தங்கிவிட்டதா என்று பாருங்கள். போல்டுகளை முதலில் கையால் போய் நிற்கும்வரை திருகி, மறுபடி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் திருப்பிப் பார்த்து, பிறகு ஸ்பேனரில் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் புத்தகம் சொல்கிற டார்க்கில் (இறுக்க அளவில்) நிறுத்துங்கள். ஹெட் மாட்ட டார்க் ரெஞ்ச் வாங்கியிருப்பீர்கள், அல்லது இரவல் வாங்கியிருப்பீர்கள். திருப்பிக் கொடுக்கும் முன் இதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

சோதனை: சாவி ஆன், மூன்று விநாடி, ஆஃப். இப்படி மூன்று நாலு முறை. சாக்பீஸில் ஈரம் இல்லையா? பத்து நிமிஷம் விட்டு விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். அதற்கு முன்பே ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர வேண்டும். மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளும் ஒழுகியிருக்கிறது; பிளக்குகளைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரில் பெட்ரோல் தேங்கி நின்றால் அது நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஆயிலையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் சரியென்றால் ஸ்டார்ட் செய்து, சூடானபின் ஒரு முறை, அணைத்து ஆறியபின் ஒரு முறை பாருங்கள். ஐட்லிங் ஏறி இறங்கினால் கீழ் ரப்பர் சரியாக உட்காரவில்லை, காற்று திருடுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் ஓட்டம் மாறும், கண்டுபிடித்துவிடலாம். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின் மேல் அதை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஷெல்லாக் கேட்டிருந்தீர்கள். அதுவோ, சிலிக்கான் பேஸ்ட்டோ, டெஃப்ளான் டேப்போ இந்த இடத்தில் எதுவும் கூடாது. பெட்ரோல் பட்ட பேஸ்ட் இளகி உதிர்ந்து நேராக இன்ஜெக்டர் வாய்க்குத்தான் போகும். சொன்னவர் கார்புரேட்டர் காலத்து ஆளாக இருப்பார்; என் வயசுக்காரர், கோபிக்க வேண்டாம். நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னவருக்கு: மல்டிமீட்டரில் ஒவ்வொன்றும் 12 ஓம் அளவில் காட்டி, நுனியில் சொட்டாமல் நாலும் ஒரே மாதிரி தெளித்தால் மாற்ற எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: என் 1.3 டீசல் ஸ்விஃப்ட்டில் இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்த்து மாட்டினார்கள். அதிலிருந்து 'சக் சக்' என்று ஒரு சத்தம். ஓர் இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்பாகத் தார் படிகிறது. டீசல் ஒழுகலா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: டீசல் இல்லை, அது எரிந்த புகை. இன்ஜெக்டர் மூக்கின் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுந்தி நிற்கிற வாயு, அதன் வழியாகத் தப்பி வந்து தாராக உறைகிறது. பழைய வாஷரையே போட்டிருப்பார்கள், அல்லது பழையது ஓட்டையின் அடியில் ஒட்டியிருப்பதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருப்பார்கள். கழற்றி, உட்காரும் இடத்தைச் சீட் கட்டரால் சுத்தம் செய்து, அதே கனத்தில் புது வாஷர் ஒன்றே ஒன்று போடச் சொல்லுங்கள். கனம் மாறினால் நுனி உள்ளே நீட்டும் அளவு மாறி, தெளிப்பும் மாறும். தள்ளிப்போடாதீர்கள், தார் இறுகிவிட்டால் இன்ஜெக்டர் வெளியே வர அடம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்த இன்ஜினின் ரெயிலில் 1600 பார் வரை ஏறும். ஓடும்போது எங்கே கசிகிறது என்று விரல் வைத்துத் தேடவே கூடாது. டீசல் ஊசியைவிட மெல்லியதாகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படிப் பட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் 'அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்தது' என்று சொல்லுங்கள். கசிவு தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

கேள்வி: ஃப்யூல் ரெயிலிலேயே மயிரிழை விரிசல். இரண்டு களிம்பைப் பிசைந்து ஒட்டுவார்களே, அதை வைத்து அடைக்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: தண்ணீர் டாங்குக்கு வையுங்கள். ரெயிலை மாற்றுங்கள். புதியது விலை அதிகம் என்றால் உங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பக்கம்தானே, அங்குள்ள பழைய பார்ட்ஸ் கடைகளில் அதே மாடல் ரெயிலைத் தேடிப் பாருங்கள். கிண்ணங்களுக்குள் துருக்குழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பழைய ஓ-ரிங் இருந்தால் அதைக் கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.